மேயோ நாட்குறிப்பு: இறந்தவர்களின் மாதம்

நவம்பர் 2
இன்று கல்லறைத் திருநாள். நான் இருக்கும் மேயோ, அயர்லாந்தின் மேற்கில் ஒரு மாவட்டம். இந்த நாட்டில் நவம்பர் முழுவதுமே இறந்தவர்களுக்கான மாதம். முன்பெல்லாம் இன்று ராத்திரி கதவைத் தாழிடாமல், தணலை அணையவிடாமல், குடிக்கத் தண்ணீரும் வைத்துவிட்டுத்தான் படுப்பார்களாம். செத்துப்போன சொந்தக்காரர்கள் வந்து குளிர்காய்ந்துவிட்டுப் போகட்டும் என்று. எனக்கு இதில் பயம் தெரியவில்லை, உபசாரம்தான் தெரிகிறது.

நவம்பர் 5
நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் விடியற்காலை ஒரு பாட்டி போய்விட்டார். நர்ஸ் முதலில் செய்த காரியம், ஜன்னலைத் திறந்ததுதான். வெளியே நல்ல மழை, திரைச்சீலை நனைந்தது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். உயிர் போகிற வழியை மறிக்கக் கூடாது. அப்புறம் மறக்காமல் மூடவும் வேண்டும், போனது திரும்பிவிடுமாம். இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லை. ஆனா திறக்காம எப்படி?" சாவுக்கு முன் அலறும் பேய்ப்பெண் பான்ஷீ, சுற்றுலாக் கடைகளில் பொம்மையாகிவிட்டாள். ஜன்னல் மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

நவம்பர் 6
துக்க வீடு. இங்கே வேக் என்பார்கள். திறந்த பெட்டி முன்னறையில், கண்ணாடிக்கு மேல் துணி, கடிகாரத்தை நிறுத்தியிருந்தார்கள். உடலைத் தனியே விடுவதில்லை, ஆள் மாற்றி ஆள் உட்கார்கிறார்கள். சமையலறையில் டீ, ஹாம் சாண்ட்விச், சிரிப்பு. அந்தக் காலத்தில் களிமண் சுங்கான், மூக்குப்பொடி, விஸ்கி, விளையாட்டு எல்லாம் உண்டு. கத்தோலிக்க ஆயர்கள் நூற்றாண்டுக் கணக்கில் கண்டித்தும் எடுபடவில்லை. ஒப்பாரிக்குக்கூட ஒழுங்கு இருந்தது: உடலைக் குளிப்பாட்டிக் கிடத்தும்வரை வாய்விட்டு அழக் கூடாது, அழுதால் சாத்தானின் நாய்கள் விழித்துக்கொள்ளும்.

நவம்பர் 7
அடக்கம் முடிந்தது. 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதவைத்த நாட்டார் வழக்குத் தொகுப்பு இணையத்தில் இருக்கிறது. ராத்திரி அதைப் புரட்டினேன். கடைசியாகப் புதைக்கப்பட்டவர்தான் கல்லறைத் தோட்டத்துக்குக் காவல் என்பது பழைய நம்பிக்கை. அடுத்தவர் வரும்வரை விடுதலை இல்லை. பாவம் கழியும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனைப்படும் ஆன்மாக்களுக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும் என்றும் சொல்வார்கள். அதனால் ஒரே நாளில் இரண்டு சாவு விழுந்தால், யார் பெட்டி முதலில் வாசலைத் தாண்டுவது என்று ஓட்டப்பந்தயம், சில இடங்களில் கைகலப்பு!

நவம்பர் 10
மனசுக்கு ஒப்பாதது இதுதான். பக்கத்தில் ஒரு கில்லீன், குழந்தைகளின் தனி இடுகாடு, இருக்கிறது. பாசி படிந்த, பெயர் எழுதாத சிறுசிறு கற்கள். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளுக்கு மந்திரித்த மண்ணில் இடமில்லை என்று கத்தோலிக்கத் திருச்சபை விலக்கிவைத்தது. இருட்டிய பிறகு அப்பா பெட்டியைத் தூக்கி வந்து, பழைய கோட்டை மேட்டிலோ எல்லைக் கரையிலோ கடலோரத்திலோ புதைப்பார். இருபதாம் நூற்றாண்டிலும் நடந்திருக்கிறது. இந்தக் குழந்தைகளும் மீட்புப் பெறுவார்கள் என்று நம்ப இடமுண்டு என 2007இல்தான் வத்திக்கானின் இறையியல் குழு எழுதியது.

ஞானஸ்நானம் பெறாத குழந்தையின் குழியை மிதித்தால், தெரிந்த வயலிலேயே வழி தவறிச் சுற்றிச் சுற்றி வருவோம் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. சபை கைவிட்ட இடத்தில் ஏர் இறங்காமல் காத்தது அந்தப் பயம். மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு வாய் வரவில்லை. சமீப காலமாகச் சில கில்லீன்களுக்கு வேலி போட்டு, பாதிரியார் வந்து மந்திரித்து, நினைவுக்கல்லும் வைக்கிறார்கள். இங்கே இன்னும் மாடு மேய்கிறது.