எருமைக்கு எப்படித் தெரியும்?

கிழக்குப் பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வுக்காக வந்தாறுமூலை வயலொன்றில் பன்னிரண்டு பாத்தி பிரித்து, மூலைக்கு மூலை கம்பு நட்டு, சிவப்புக் கயிறு இழுத்திருந்தேன். எவ்வளவு யூரியா போட்டால் பிஜி 94-1 நெல் எவ்வளவு விளையும் என்று பார்ப்பதுதான் வேலை. ஒருநாள் விடியப் போனால் மூன்று பாத்தி சேறும் சகதியுமாகக் கிடக்கிறது. எருமைப் பட்டி நடந்து போயிருக்கிறது. வயலைப் பார்த்துக்கொள்ளும் முல்லைக்காரர் வரப்பில் குந்தியிருந்து வெற்றிலையை மென்றபடி கேட்டார்: "எருமை போற வழியில கயிறு கட்டினா, இது ஆராய்ச்சி எண்டு எருமைக்கு எப்பிடித் தெரியும் மனே?"

'மகனே' என்பதற்கு யாழ்ப்பாணத்தில் 'மோனே' கேட்டு வளர்ந்தவன் நான். அந்த 'மனே' காதுக்குப் பிடிபட ஒரு மாதம் எடுத்தது.

எங்கள் கம்பஸ் மட்டக்களப்பிலிருந்து பத்துக் கட்டை, அதாவது பத்து மைல். 1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி அங்கிருந்த மத்திய மகா வித்தியாலயக் கட்டிடங்களில் விஞ்ஞானம், விவசாயம் என்ற இரண்டு பீடங்களோடு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. 1986 ஒக்டோபர் 1ஆம் திகதி கிழக்குப் பல்கலைக்கழகமானது. ஊரார் தங்கள் பள்ளிக்கூடத்தையே தந்தவர்கள். அதனால் கேட்டுக்கேள்வி இல்லாமல் உள்ளே வருவார்கள். வாடிய கத்தரிச் செடியை வேரோடு பிடுங்கிச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து, "இதுக்கு என்ன வருத்தம்?" என்று ஆய்வுகூட வாசலில் நிற்பார்கள், ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்த மாதிரி. எங்களுக்குப் பாதி நேரம் பதில் தெரியாது. புத்தகத்தைப் புரட்டிவிட்டு நாளைக்கு வரச் சொல்வோம். உண்மையில் நாங்கள் படித்தது அந்தச் செடிகளில்தான்.

விடுதியில் இடம் கிடைக்காமல் ஓர் ஆச்சி வீட்டில் மூன்று வருடம் இருந்தேன். வாடகையை மறந்தாலும் மறப்பா, இரவில் சோற்றுக்கு எருமைத் தயிர் வைக்க மறக்கமாட்டா.

1990 ஜூனில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டபோது நான் ஊரில், யாழ்ப்பாணத்தில். அக்கம்பக்கத்துக் கிராமங்களெல்லாம் கம்பஸுக்குள் ஓடி வந்தன. விரிவுரை மண்டபங்கள் வீடுகளாகின. நாங்கள் நுணுக்குக்காட்டி பார்த்த அறையின் வராந்தாவில் ஆச்சி மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியிருக்கிறா என்று நண்பன் எழுதினான். செப்டெம்பர் 5ஆம் திகதி அந்த முகாமிலிருந்து 158 பேரை இராணுவத்தினர் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. முல்லைக்காரரின் மூத்த மகனும் அவர்களில் ஒருவன். என் கம்புகளுக்குக் கயிறு பிடித்தவன்.

பல வருடம் கழித்து லண்டனிலிருந்து போனபோது ஆச்சி சொன்னா: "மூணு வருசம் நீ எங்கட ஊட்டுல இருந்தாய். மூணு மாசம் நாங்க உன்ட ஊட்டுல இருந்தம்." மகனைப் பற்றி முல்லைக்காரரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்தப் போகத்து விளைச்சலைப் பற்றித்தான் பேசினார்.

இப்போது திருகோணமலையில் ஒரு வளாகம், கல்லடியில் விபுலாநந்தர் பெயரில் இசை நடன நிறுவகம், மருத்துவக் கல்வி என்று எங்கள் கம்பஸ் நன்றாகப் பெருத்துவிட்டது. சந்தோசம். கேற்றில் அடையாள அட்டை கேட்டார்கள். பழைய மாணவன் என்று விளக்கிக்கொண்டு நிற்கும்போதே, எனக்குப் பக்கத்தால் நாலைந்து மாடுகள் உள்ளே போயின. ஒருவரும் மறிக்கவில்லை.