ரெண்டிலிருந்து மூணுக்கு

ஒரு காரின் கியர்பாக்ஸ் நல்லதா, சுமாரா என்று கேட்டால் நான் பார்ப்பது ஒரே ஒரு இடத்தைத்தான். செகண்டிலிருந்து தேர்டுக்குப் போகும் அந்த மாற்றம். ஃபர்ஸ்டிலிருந்து செகண்டுக்கு எந்த வண்டியிலும் நேராகப் பின்னால் இழுத்தால் போதும். மூணிலிருந்து நாலுக்கும் அதே கதைதான். அஞ்சாவது கியரைப் பற்றிப் பேசவே ஒன்றுமில்லை, போட்டுவிட்டு மறந்துவிடலாம். ரெண்டிலிருந்து மூணுக்குப் போகத்தான் கியர் ராடு முதலில் நியூட்ரலுக்கு வந்து, அங்கே வலது பக்கம் ஒதுங்கி, அப்புறம் முன்னால் ஏற வேண்டும். இந்த வளைந்து நெளிந்த பயணத்தை ஒரு கியர்பாக்ஸ் எப்படிச் செய்ய விடுகிறது என்பதிலேயே அதன் குணம் மொத்தமும் தெரிந்துவிடும்.

நல்ல கியர்பாக்ஸில் அந்த வலது பக்க ஒதுங்கல் நம் வேலையே இல்லை. நியூட்ரலில் ராடை விட்டுப் பாருங்கள், பெரும்பாலான வண்டிகளில் அது தானாக 3-4 வரிசைக்கு நேராக வந்து நிற்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங் அதை அங்கே இழுத்து வைத்திருக்கிறது. அதனால் உள்ளங்கையைத் தளர்வாக வைத்து சும்மா முன்னால் தள்ளினால் போதும், பக்கவாட்டு வேலையை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். அந்த ஸ்பிரிங் தளர்ந்த வண்டியில், அல்லது ராடை இறுக்கிப் பிடித்து இழுக்கும் ஆளிடம், மூணு போட நினைத்தால் ஃபர்ஸ்ட் வாசலில் போய் முட்டும். தங்கச்சிமடத்து டிரைவர் அண்ணன் ஒருவர் எனக்குச் சொன்னது: “தம்பி, ராடப் புடிக்காதீங்க. தொட்டா போதும், அதுவே போயிரும்.” இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

மதுரை நண்பர்கள் சிரிப்பார்கள். “மலையே இல்லாத ஊர்ல இருந்துக்கிட்டு கியர்பாக்ஸப் பத்திப் பேசுறியே மாப்ள, கொடைக்கானல் ரோட்டுக்கு வா” என்பார்கள். எங்கள் ராமநாதபுரம் பக்கம் தரை தட்டையானதுதான், ரோடும் நேரானதுதான், இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், ஒதுங்கினால் கடல். தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை ஈசிஆரில் வந்தால் டாப் கியரிலேயே வந்துவிடலாம் என்றுதான் மேப் பார்ப்பவன் நினைப்பான். ஓட்டிப் பார்த்தவனுக்குத் தெரியும், ஊருக்கு ஊர் ஸ்பீடு பிரேக்கர், பள்ளிக்கூடம், நடுரோட்டில் ஆட்டு மந்தை. ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கியதும் கை செய்யும் முதல் பெரிய வேலை என்ன? ரெண்டிலிருந்து மூணு. மலை ரோட்டில்கூட ஒருவன் இத்தனை முறை அதைச் செய்வானா என்பது சந்தேகம்தான். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் லீவு நாட்களில் கேட்கவே வேண்டாம், 1988-ல் திறந்த பாலம், இன்றைக்கும் எல்லோருக்கும் அதன் உச்சியில் நிறுத்தி ரயில் பாலத்தைப் படம் எடுத்தாக வேண்டும், பின்னால் வரும் நாம் ஒண்ணும் ரெண்டுமாக ஊர்ந்து, கொஞ்சம் இடம் கிடைத்ததும் மூணு போட்டு, மறுபடி ரெண்டுக்கு வந்து, கடல் காற்று வேறு வண்டியைப் பக்கவாட்டில் தள்ள, ஒருவழியாக அந்தப் பக்கம் இறங்க வேண்டும். இப்படி ஓட்டுகிறவனுக்குத்தான் கியர்பாக்ஸ் முக்கியம் என்பேன்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தெரிந்துகொண்டால் ரசனை கூடும். கியர் ‘போடுகிறோம்’ என்று சொன்னாலும் முன்னோக்கிப் போகும் கியர்களின் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் சுற்றுகின்றன. எந்தச் சக்கரத்தைத் தண்டோடு பூட்டுவது என்பதை மட்டும்தான் நாம் மாற்றுகிறோம். பூட்டும் முன் இரண்டின் வேகமும் ஒன்றாக வேண்டும், அதற்குத்தான் சிங்க்ரோ. ஒரு பித்தளை வளையம் கூம்பு மாதிரி இருக்கும் பகுதியில் உரசி, வேகத்தைச் சமமாக்கும்வரை வழியை மறித்து நிற்கும். ராடு ஒரு கணம் தயங்கி, அப்புறம் ‘லபக்’கென்று உள்ளே விழுகிறதே, அந்தத் தயக்கம்தான் சிங்க்ரோவின் வேலை, விழுவதற்கு ஒரு சிறு குண்டும் ஸ்பிரிங்கும் காரணம். இந்தத் தயக்கம் கைக்குத் தெரிய வேண்டும், ஆனால் தொல்லையாக இருக்கக் கூடாது. வெண்ணெய் மாதிரி வழுக்கும் கியர்பாக்ஸ்தான் நல்லது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒத்துவராது. கை எங்கே இருக்கிறது என்று தெரியாத வழுக்கலைவிட, கொஞ்சம் கனமாக இருந்தாலும் பதில் சொல்லும் ராடு மேல்.

சிங்க்ரோ இல்லாத காலத்தில் வேகத்தைச் சமப்படுத்துவது டிரைவரின் காலில் இருந்தது. காடிலாக் 1928-ல் கொண்டுவந்த பிறகுதான் அது மெல்லப் பரவியது. நம் ஊரில் பழைய வில்லிஸ் ஜீப் ஓட்டியவர்களுக்கு இதெல்லாம் கதையல்ல. மூணே கியர், ஃபர்ஸ்டில் சிங்க்ரோ கிடையாது. ஓடும்போது ஃபர்ஸ்டுக்கு இறங்க வேண்டுமானால் கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டி, மறுபடி கிளட்ச், அப்புறம் கியர். டபுள் கிளட்ச். சரியாக விழுந்தால் சத்தமே வராது, தப்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

தனுஷ்கோடிக்கு ரோடு வந்தது 2017-ல். அதற்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்தோடு தார் ரோடு முடிந்துவிடும், அங்கிருந்து நாலு சக்கரமும் இழுக்கும் பழைய வேன்களும் ஜீப்புகளும் மணலிலும் சேற்றிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். அந்த டிரைவர்களின் கையை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மணலில் கிளட்சை மிதித்து நிதானமாக மாற்ற நேரம் கிடையாது, மிதித்த கணமே வண்டியின் வேகம் செத்துவிடும். கியர் விழும் கணம், கிளட்ச் விடும் கணம், ஆக்சிலேட்டர் ஏறும் கணம் மூன்றும் ஒன்றாக இருக்கும். அந்த வண்டிகளில் ராடு கியர்பாக்ஸின் தலையிலேயே நேராக முளைத்திருக்கும். இடையில் கேபிள் இல்லை, இணைப்புக் கம்பி இல்லை. ராடு நடுங்கும், சூடேறும், சத்தம் போடும், ஆனால் உள்ளே நடப்பது அப்படியே உள்ளங்கைக்கு வரும்.

மாருதி ஜிப்ஸியும் அந்த வகைதான். 1985-ல் வந்தது, முதலில் நாலு கியர், பிறகு ஜிப்ஸி கிங்கில் அஞ்சு. ரெண்டு-மூணு தூரம் கொஞ்சம் நீளம், ஆனால் எங்கே இருக்கிறோம் என்ற சந்தேகமே வராது. இன்றைய வண்டிகளில் அதற்குப் பக்கத்தில் வருவது 2023-ல் வந்த ஜிம்னி. அஞ்சு கியர்தான் என்று பலர் குறை சொன்னார்கள், ஹைவேயில் அது நியாயம்தான். தனுஷ்கோடி ரோட்டில் மணல் ஏறிக் கிடக்கும் இடங்களில் மூணுக்கும் ரெண்டுக்கும் போய்வரும்போது எனக்குக் குறை தெரியவில்லை.

முன் சக்கரம் இழுக்கும் கார்களில் என்ஜினும் கியர்பாக்ஸும் குறுக்குவாட்டில் முன்னால் கிடக்கும், ராடோ நம் பக்கத்தில். நடுவில் கேபிளோ கம்பியோ போட்டுத்தான் இணைக்க வேண்டும். அப்படி இருந்தும் ஹோண்டாக்காரர்கள் எப்படி அதை அத்தனை சுத்தமாகச் செய்தார்கள் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். 2000-களின் தொடக்கத்தில் ஓடிய, இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை சிட்டி 1.5 விடெக், என் பட்டியலில் அதுதான் முதல். குறைந்த தூரம், லேசான ராடு, ஒவ்வொரு கியரும் விழும்போது ஒரு தெளிவான சொடுக்கு. என்ஜின் மேலே ஏற ஏறச் சந்தோஷப்படும் ஜாதி, அதனால் ரெண்டில் கொஞ்சம் இழுத்துப் பிடித்து மூணு போட்டால், ஸ்பீடு பிரேக்கர் தாண்டிய சலிப்பு போய், அடுத்தது எப்போது வரும் என்று தோன்றும். (மனைவிக்கு அப்படித் தோன்றவில்லை.) கியர்பாக்ஸ் மட்டும் நன்றாக இருந்து பயனில்லை என்பதற்கு ஸ்விஃப்ட் டீசலைப் பார்க்கலாம். ராடு குறை சொல்ல முடியாதது, ஆனால் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே டர்போ தூங்கும், மூணு போட்டதும் வண்டி யோசிக்க ஆரம்பிக்கும், திரும்ப ரெண்டுக்கு வர வேண்டும்.

அம்பாசிடரைச் சொல்லாமல் விட்டால் எங்கள் வீட்டில் சண்டை வரும். ஸ்டீயரிங் தண்டிலேயே ராடு, நாலு கியர், முன் சீட்டில் டிரைவரோடு மூன்று பேர் உட்கார அதுவும் ஒரு காரணம். ஆனால் கையிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் வழி அத்தனை கம்பிகள், மூட்டுகள். மூட்டுகளில் இருக்கும் புஷ் வளையங்கள் தேய்ந்துவிட்டால் ராடு கஞ்சிச் சட்டியில் போட்ட அகப்பை. பழைய டாக்ஸி டிரைவர்கள் அதையும் சத்தமில்லாமல் போட்டார்கள், அந்தப் பெருமை அவர்களுடைய கைக்கு, வண்டிக்கு இல்லை. 90-களில் 1.8 இசுசு என்ஜினோடு அஞ்சு கியர் தரைக்கு வந்தபோதுதான் அம்பாசிடரில் கியர் மாற்றுவது ஒரு சுகம் என்று சொல்லலாம் என்ற நிலை வந்தது.

வெளிநாட்டு வண்டிகளைப் பொறுத்தவரை நான் வாசித்த, பார்த்த அறிவுதான். எல்லோரும் மஸ்டா எம்எக்ஸ்-5-ஐயும் ஹோண்டா எஸ்2000-ஐயும் முதலில் சொல்வதற்குக் காரணம், இரண்டுமே பின் சக்கரம் இழுப்பவை, கியர்பாக்ஸ் சீட்டுகளுக்கு நடுவே நீளவாக்கில் கிடக்கிறது, ராடு அதன் மேலேயே. நம் ஜீப்பின் அதே அமைப்பு, ஆனால் மணிக்கூண்டுக் கடிகாரம் செய்கிறவன் கவனத்தோடு. இப்போதைய எம்எக்ஸ்-5-ல் ஆறாவது கியர்தான் நேரடி, ஒன்றுக்கு ஒன்று, அதாவது என்ஜின் ஒரு சுற்று சுற்றினால் கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டும் ஒரு சுற்று. போர்ஷே 2011-ல் 911-க்கு ஏழு கியர் மேனுவல் கொடுத்தது, தங்களுடைய இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கை அடிப்படையாக வைத்துச் செய்தது. ஏழாவதுக்கு அஞ்சிலிருந்தோ ஆறிலிருந்தோதான் போகலாம், தெரியாமல் வேறெங்கிருந்தும் போய்விடக் கூடாது என்று ஒரு தடுப்பு. வரிசைகள் கூடக்கூட வாசல்கள் நெருங்கும், கை தடுமாறும், அதற்குத்தான் அந்தத் தடுப்பு. 2016-ல் 911 ஆர் வந்தபோது ஆறு கியருக்கே திரும்பினார்கள், ரசிகர்கள் அதைத்தான் கொண்டாடினார்கள்.

கிளட்சையும் கியரையும் நமக்குப் பதிலாக ஒரு மோட்டார் அமைப்பே மாற்றும் ஏஎம்டி வண்டிக்காரர்கள் கோபிக்க வேண்டாம். செலேரியோவில் 2014-ல் வந்ததிலிருந்து அது எத்தனையோ பேருக்கு உதவியிருக்கிறது. ஆனால் கியர் மாறும்போது நம் தலை முன்னும் பின்னும் ஆடுமே, அந்தத் தலையாட்டல் எங்கே வருகிறது என்று கவனியுங்கள். ரெண்டிலிருந்து மூணுக்குப் போகும்போது நன்றாகவே தெரியும்.

கடற்கரையில் பழைய மேனுவல் வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். உப்புக் காற்று பாடியை மட்டும் தின்பதில்லை. ராடைச் சுற்றியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் அடியிலிருந்து உப்பும் மணலும் ஏறி, கேபிள் முனைகளும் புஷ்களும் இறுகிப்போகும். மீன் ஏற்றும் குட்டியானை வண்டிகளில் ஐஸ் தண்ணீர் வேறு வடிந்துகொண்டே இருக்கும், அவற்றின் ராடு ஏன் அப்படி முரண்டு பிடிக்கிறது என்று இப்போது புரியும். இன்னொன்று ஆயில். பழைய பித்தளை சிங்க்ரோ உள்ள கியர்பாக்ஸில் ஜிஎல்-4 ரக கியர் ஆயில் கேட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள். கடையில் ‘இது அதைவிட ஒசத்தி’ என்று ஜிஎல்-5-ஐ நீட்டுவார்கள், அதில் இருக்கும் கந்தகச் சேர்மானம் பித்தளைக்கு ஆகாது. ஓட்டிப் பார்க்கும்போது வண்டி காலையில் ஆறிக் கிடக்கும் நிலையில் கேளுங்கள், சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். மூணிலிருந்து ரெண்டுக்குச் சற்று வேகமாக இறக்குங்கள், கரகரத்தால் ரெண்டாவது சிங்க்ரோ போய்விட்டது. அப்புறம் இரண்டு விரலால் ரெண்டிலிருந்து மூணு.

கீழக்கரையில் ஒரு சிட்டி விடெக் விலைக்கு வந்திருப்பதாகக் கேள்வி. அந்தச் சந்துகளில் அது ஒண்ணையும் ரெண்டையும் தவிர வேறெதையும் அதிகம் பார்த்திருக்காது. பெயின்ட் போயிருக்கிறதாம், ஏசி ஓடாதாம், அதெல்லாம் பேசிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.