வீடு எரியவில்லை, குழாய்தான்

தீயில் உருகிப்போன எங்கள் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்க்காக மரதன் ஓடிக் காசு சேர்த்தேன் என்றால் எல்லாரும் காலைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். கால் இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. காசு கேட்டுத் திரிந்த மாதங்கள்தான் உண்மையில் வலித்தவை.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஊவா மாகாணத்தில், அப்புத்தளைப் பக்கம். தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிடும். ஊவாவுக்கு அந்த மாதங்களில் மிஞ்சுவது காய்ந்த கச்சான் காற்றுதான். மலை உச்சியில் மானாப்புல், அதற்குக் கீழே பைனஸ் மரங்கள். பைனஸ் இலை மெத்தைபோலக் கிடக்கும், பிசினும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். மாட்டுக்கு இளம்புல் முளைக்கட்டும் என்றோ வேட்டைக்கு என்றோ யாராவது ஒரு நெருப்புக்குச்சியைக் கிழித்தால் போதும். நம் நாட்டில் காட்டுத்தீ தானாகப் பிடிப்பது மிக அபூர்வம்.

எங்கள் மலையிலும் அப்படி ஒரு தீ பிடித்தது. அது லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வரவில்லை. பொடியன்கள் பச்சைக் கிளைகளால் அடித்து அடித்துத் தேயிலைக்கு மேலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஊற்றிலிருந்து, எல்லாரும் குடம் பிடிக்கும் பீலிக்குத் தண்ணீர் கொண்டுவந்த கறுப்புக் குழாய் தரைக்கு மேலேதான் கிடந்தது. அது முழுக்க உருகிப்போனது. பிறகு வந்த முதல் மழை சாம்பலையும் மண்ணையும் ஊற்றுக்குள் இறக்கிவிட்டது. நாளெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடைக்கு இறங்க வேண்டியதாயிற்று.

கொழும்பில் இதை யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை வீடு எரிஞ்சது?"

"வீடு எரியல்ல."

"அப்ப பரவாயில்லையே!"

கோபப்பட்டுப் பிரயோசனமில்லை. எரிந்த கூரையின் படத்தைக் கண்டால் கை தானாகப் பொக்கெட்டுக்குள் போகும், உருகிய குழாய்க்குப் போகாது. அதனால் கேட்கும் விதத்தை மாற்றினேன். கறுப்புக் குழாய் நூறு மீற்றர் ரோலாக விற்பார்கள். நான் மரதன் ஓடுவேன், அதில் ஒரு கிலோமீற்றரை ஒருவர் வாங்கினால் ஒரு ரோல் குழாய். நாற்பத்திரண்டு கிலோமீற்றரையும் ஒரு தாளில் கோடு போட்டு எழுதி அலுவலகத்திலும் வட்ஸ்அப்பிலும் விட்டேன். மளமளவென்று பெயர் விழுந்தது. நான்கு பேர் சேர்ந்து ஒரு கிலோமீற்றர் எடுத்தார்கள். கடைசிக் கிலோமீற்றருக்குப் போட்டியே நடந்தது, முப்பத்தைந்தாவதை யாரும் சீண்டவில்லை!

மரதன் தூரம் 42.195 கிலோமீற்றர் என்று வந்தது 1908 இலண்டன் ஒலிம்பிக்கில். அந்த 195 மீற்றரைத் தாளில் எழுதாமல் விட்டிருந்தேன். வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடியில் இருக்கும் அன்ரி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, அந்தச் சில்லறை என்ர கணக்கு. ஆனா ஓடி விழுந்து கிடக்காதேங்கோ" என்றார். கொடுத்ததென்னவோ இரண்டு ரோலுக்கான காசு.

என் வங்கிக் கணக்குக்கு ஒரு சதமும் வரக்கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதம். எல்லாரும் ஊரிலுள்ள ஹார்ட்வெயார் கடைக் கணக்குக்கே போட்டார்கள். கடைக்காரர் பில் போட்டு அனுப்புவார், அதைப் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்புவேன். இப்படி யாராவது செய்ய நினைத்தால் இதை மட்டுமாவது அப்படியே செய்யுங்கள்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மலையில் வளர்ந்தவனுக்குக் கொழும்பில் ஏற்றம் ஒரு பிரச்சினையே இல்லை, புழுக்கம்தான் எதிரி. வியர்வை காயாது, உடம்பின் சூடு இறங்காது. அதனால் விடிய முன்னரே சுதந்திர சதுக்கத்திலோ மரைன் டிரைவிலோ ஓடினேன். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே ஓடினால் உடம்பில் உப்புக் குறைந்து தலை சுற்றும். ஒரு லீற்றர் தண்ணீரில் உப்பும் குளுக்கோசும் கலந்த ஜீவனித் தூள் ஒரு பக்கெட் கரைத்துக் கொண்டுபோவேன். உரசும் இடங்களில் வஸ்லின். அதிகபட்சம் முப்பத்திரண்டு கிலோமீற்றர் வரை ஓடிப் பார்த்தேன், கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறைத்தேன்.

போட்டி எதற்கும் பெயர் கொடுக்கவில்லை. நுழைவுக் கட்டணமும் குழாய்க்கே போகட்டும் என்று நினைத்தேன். பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் வாகனம் குறைவு. அதிகாலை மூன்று மணிக்கு மரைன் டிரைவில் வெள்ளவத்தைக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையே போய்வரத் தொடங்கினேன். நண்பர்கள் முறை வைத்துச் சைக்கிளில் கூட வந்தார்கள். ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் அதை வாங்கியவரின் பெயரைக் கத்துவது அவர்கள் வேலை. பம்பலப்பிட்டி நாய்களுக்கு அது பிடிக்கவில்லை. விடிந்ததும் வெள்ளை உடுத்தி விகாரைக்குப் போனவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

முப்பதுக்குப் பிறகு தொடை கல்லாகிவிட்டது. முப்பத்தைந்தில் கத்துவதற்குப் பெயரும் இல்லை. அதை நடந்தே கடந்தேன். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. அன்ரியின் 195 மீற்றர் வந்தபோது அவரே வீதியோரத்தில் செவ்விளநீரோடு நின்றார். எல்லாமாக ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. வேகத்துக்கு யாரும் காசு தரவில்லை, ஆகவே கவலையில்லை.

குழாய் போய்ச் சேர்ந்ததும் ஊரில் மாமா போனில் கேட்டார்: "என்னா தம்பி, சும்மா ஓடுனதுக்கா இம்புட்டுக் குடுத்தாங்க?" பழையபடி மேலே போடுவதில்லை என்று தோட்டத்தில் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சிரமதானமாகக் கான் (நீளப் பள்ளம்) வெட்டி, ஓர் அடிக்குக் கீழே புதைத்தார்கள். பாறை வந்த இடங்களில் மட்டும் குழாயைக் கல்லும் சீமெந்தும் வைத்து மூடினார்கள். ஊற்றைத் துப்புரவாக்கி, மணல் படிய ஒரு சின்னத் தொட்டியும் கட்டினார்கள். அந்த வேலைக்கு முன்னால் என் ஓட்டம் ஒரு விஷயமே இல்லை.

மேல் லயத்துக்கு இன்னும் தண்ணீர் மெல்லிசாகத்தான் வருகிறதாம், அதற்கு உயரத்தில் இன்னொரு தொட்டி வேண்டும். அடுத்த கச்சானுக்கு முன் பைனஸுக்கும் தேயிலைக்கும் நடுவே புல்லைச் செருக்கித் தீத்தடுப்புக் கோடும் வெட்ட வேண்டும். கோட்டுக்குக் காசு தேவையில்லை, ஆள்தான் தேவை. லீவு போட்டிருக்கிறேன். முப்பத்தைந்தாவதைச் சீண்டாத நண்பர்களில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.