ஹவுரா பாலத்தில் முதலில் பார்க்க வேண்டிய இடம்

ஹவுரா பாலம் என்றதும் எல்லோரும் அதன் உயரத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். பழைய எஃகுப் பாலங்களைப் பராமரிக்கும் எங்களுக்கு அதன் அடிப்பாகம்தான் முக்கியம்.

1874இல் அங்கே இருந்தது மிதவைப் பாலம். கப்பல் வந்தால் நடுவில் 200 அடியைக் கழற்றி விலக்குவார்கள். 1943இல் திறந்த இன்றைய பாலத்துக்கு ஆற்றுக்குள் தூணே கிடையாது. ஹூக்ளியை 1,500 அடிக்கு ஒரே வீச்சில் தாண்டுகிறது. அவ்வளவு பாரமும் கரையோரக் களிமண்ணில் இறங்கியாக வேண்டும். கோபுரத்துக்கான கெய்சன் (மண்ணுக்குள் இறக்கும் பெரிய அடித்தளப் பெட்டி) ஒன்று சுமார் 55 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம். உள்ளே 21 கிணறுகள். கிணறுகளில் மண்ணை அள்ள அள்ள, கெய்சன் தன் எடையாலேயே இறங்கும். ஒரு பக்கம் கூடுதலாக அள்ளினால் சாய்ந்துவிடும். அதனால் மண் மிக இளகிய இடங்களில் எதிரெதிர்க் கிணறுகளை அள்ளாமல் விட்டுக் கட்டுப்படுத்தினார்கள். அப்படியும் ஓர் இரவு அடிமண் விலகி, மொத்தமும் 2 அடி சட்டென்று இறங்கியது. கொல்கத்தாவின் கிதர்பூரிலிருந்த கருவி அதை நிலநடுக்கமாகவே பதிவு செய்தது! கொல்கத்தா பக்கம் மணல் ஊறி வந்ததால், அழுத்தக் காற்று செலுத்தித்தான் வேலை நடந்தது.

மேலே 26,500 டன் எஃகு, முழுக்க ரிவெட் (தகடுகளை இணைக்கும் தலையுள்ள ஆணி). இந்த வகைப் பாலங்களில் ரிவெட் தலையின் ஓரத்தில் விரலை வைத்து, மறுபக்கம் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்போம். தளர்ந்திருந்தால் விரலுக்கு அதிர்வு தெரியும். தலைக்கடியில் துரு வழிந்த கோடும் இருக்கும். அதையே மறுபடி அடித்து இறுக்கப் பார்த்தால் பக்கத்து ரிவெட்டும் ஆட்டம் காணும். எடுத்துவிட்டு உயர்வலு போல்ட் போடுவதே சரி.

சாலைத்தளம் 39 ஜோடி ஹேங்கர்களில், அதாவது மேலிருந்து இறங்கும் எஃகுத் தாங்கிகளில், தொங்குகிறது. நடைபாதையை ஒட்டிய அவற்றின் அடிப்பகுதியில் வருவோர் போவோரெல்லாம் பான் எச்சில் துப்பியதில், அங்கே மூடியிருந்த 6 மி.மீ. எஃகு உறை 3 மி.மீ.க்கும் கீழே தேய்ந்துபோனது. பறவை எச்சமும் அப்படித்தான் பெயின்ட்டைத் தின்கிறது. பிறகு ஃபைபர்கிளாஸ் உறை போட்டார்கள். நல்ல ஏற்பாடு, கழுவவும் சுலபம். ஆனால் எந்த உறையானாலும் உள்ளே ஈரம் தங்கினால் துரு வெளியே தெரியாமல் வளரும். அதனால் மழைக்காலம் முடிந்ததும் உறையைக் கழற்றி, பிளேட்டின் கனத்தை அளந்து, முந்தைய அளவோடு ஒப்பிட வேண்டும். வெளியிலிருந்து பார்த்துக் கையெழுத்துப் போடும் சோதனை சோதனையே அல்ல.