ஆர்பிட் மூடவில்லையா? சால்வரைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்

ஏரோஸ்பேஸ் படிக்கிற பிள்ளைகள் மேட்லேபிலோ பைத்தானிலோ முதலில் எழுதிப் பார்ப்பது பெரும்பாலும் பூமியைச் சுற்றும் ஒரு செயற்கைக்கோளைத்தான். நியூட்டன் ஈர்ப்பு விதி, ஒரு தொடக்க இடம், ஒரு தொடக்க வேகம், அவ்வளவுதான் வேண்டும். பத்து வரியில் முடிந்துவிடும், ப்ளாட்டும் அழகாக வரும். அந்த அழகுதான் எனக்குப் பிரச்சினை: பாதையை ஸ்டெப் ஸ்டெப்பாகக் கணக்கிடும் நிரல் பகுதி, அதாவது சால்வர், தப்பு செய்தாலும் அது தெரியாது.

400 கி.மீ. உயரத்தில் வட்டப் பாதை என்று வைத்துக்கொள்வோம். வேகம் நொடிக்கு 7.67 கி.மீ., ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 92 நிமிடம் 34 நொடி. இதை ஆய்லர் முறையில் (இப்போதைய வேகத்தை வைத்தே அடுத்த இடத்தைக் கணக்கிடும் மிக எளிய முறை), 10 நொடிக்கு ஒரு ஸ்டெப் என்று வைத்து ஓட்டிப் பாருங்கள். செயற்கைக்கோள் கிளம்பின இடத்துக்குத் திரும்பவே திரும்பாது, ஒரே சுற்றில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேலே ஏறியிருக்கும். சரி, ஸ்டெப்பை 1 நொடி ஆக்கினால்? அப்போதும் ஒரு சுற்றுக்கு 90 கி.மீ.க்கு மேல் ஏறும். எஞ்சின் இல்லை, எரிபொருள் இல்லை, யார் தள்ளுகிறார்கள்? ஆய்லர் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் வளைவின் தொடுகோட்டில் நேராக நடக்கிறது, அதனால் எப்போதும் வளைவுக்கு வெளியே போய்த்தான் நிற்கும். ஆற்றல் சும்மாவே கூடிக்கொண்டு போகிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. அதே நிரலில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்: முதலில் வேகத்தைப் புதுப்பித்துவிட்டு, அந்தப் புது வேகத்தை வைத்து இடத்தைப் புதுப்பியுங்கள். இரண்டு வரியின் வரிசை மாறுகிறது, கணக்குச் செலவு ஒரு பைசா கூடவில்லை, ஆனால் பாதை இப்போது ஏறாமல் மூடிக்கொள்ளும். ஆற்றல் கொஞ்சம் மேலும் கீழும் ஆடும், ஒரே பக்கமாக ஓடிப்போகாது. செயற்கைக்கோள் பாதையில் எங்கே நிற்கிறது என்பதில் பிழை இருக்கத்தான் செய்யும், அது வேறு விஷயம்.

"ஆய்லரை இப்போது யார் சார் பயன்படுத்துகிறார்கள், மேட்லேபில் ஓடிஇ45 சால்வர் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அதன் டீஃபால்ட் ரிலேட்டிவ் டாலரன்ஸ், அதாவது அது பொறுத்துக்கொள்ளும் சார்புப் பிழை, ஆயிரத்தில் ஒன்று. பைத்தானின் சைபை நூலகத்தில் இருக்கும் சால்வ்-ஐவிபி-யிலும் அதேதான். ஒவ்வொரு ஸ்டெப்பிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பிழை போனால் பரவாயில்லை என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. இது ஆர்பிட்டுக்குப் போதவே போதாது, அதிலும் நீண்டு ஒடுங்கிய நீள்வட்டப் பாதைகளுக்கு. ஒரு ஜிடிஓ (புவிநிலைப் பாதைக்கு ஏற்றிவிடும் இடைமாற்றுப் பாதை) எடுத்துக்கொள்ளுங்கள், அண்மைப் புள்ளி 250 கி.மீ., சேய்மைப் புள்ளி 35,786 கி.மீ. கீழே வரும்போது நொடிக்கு 10.2 கி.மீ. வேகம், மேலே 1.6 தான். சால்வர் மேலே பெரிய பெரிய ஸ்டெப்பாகத் தாவும், கீழே வந்ததும் பொடிப் பொடியாக நடக்கும். டாலரன்ஸ் தளர்வாக இருந்தால் கீழே சேர்கிற சின்னப் பிழை அடுத்த சேய்மைப் புள்ளியைக் கணிசமாக நகர்த்திவிடும்.

இங்கே இன்னொரு கண்கட்டு வித்தை. சைபை தான் எடுத்த ஸ்டெப்புகளை மட்டும்தான் திருப்பிக் கொடுக்கும், அதனால் ப்ளாட் கோணல்மாணலாகத் தெரியும். உடனே என்ன செய்கிறார்கள், எந்தெந்த நேரத்துக்கு விடை வேண்டும் என்று சொல்லும் டி-இவால் கொடுத்து ஆயிரம் புள்ளி கேட்கிறார்கள். படம் வழவழவென்று ஆகிவிடும். கணக்கு? அப்படியேதான் இருக்கிறது. எடுத்த ஸ்டெப்புகளுக்கு நடுவே இடைச்செருகல் செய்து புள்ளிகளை நிரப்பியிருக்கிறது, அவ்வளவுதான். மேட்லேபின் ஓடிஇ45 இந்த வேலையைக் கேட்காமலே செய்கிறது, ஒரு ஸ்டெப்புக்கு நாலு புள்ளி என்று கொடுக்கும். அதனால் அங்கே படத்தைப் பார்த்துச் சந்தேகமே வராது.

நான் செய்வது இதுதான்: பாதையை வரைவதற்கு முன்னால் ஆற்றலை வரைந்து பார்ப்பேன். ஒவ்வொரு நேரத்திலும் வேகத்தின் வர்க்கத்தில் பாதியிலிருந்து, மியூவை (ஈர்ப்பு மாறிலியைப் பூமியின் நிறையால் பெருக்கியது) பூமி மையத்திலிருந்து உள்ள தூரத்தால் வகுத்துக் கழித்து, தொடக்க மதிப்போடு ஒப்பிட்டுச் சார்புப் பிழையை லாக் அளவில் போடுவேன். கோண உந்தத்துக்கும் அப்படியே. டாலரன்ஸை பத்தின் மைனஸ் பத்து அடுக்குக்கு இறக்கினால் கோடு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பாருங்கள். லேப்டாப்புக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை, டீஃபால்டை நம்பி உட்கார்ந்திருக்க எந்தக் காரணமும் கிடையாது. மேட்லேப் லைசென்ஸ் இல்லையென்றால் அதைப் போன்ற இலவச மென்பொருளான ஆக்டேவ் போதும்.

அப்புறம் பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையாக இருப்பதைச் சேர்ப்பீர்கள், அதற்கான எண்தான் ஜே2, மதிப்பு 0.0010826. இதற்கும் தெரிந்த விடை ஒன்று கைவசம் இருக்கிறது. லேண்ட்சாட் 8 என்ற புவி நோக்கும் செயற்கைக்கோள் சுற்றுவது 705 கி.மீ. உயரத்தில், 98.2 டிகிரி சாய்வில், சூரியனோடு ஒத்துப்போகும் பாதையில். உங்கள் நிரலில் அதே எண்களைப் போட்டால் பாதையின் தளம் நாளுக்கு ஏறத்தாழ 0.985 டிகிரி கிழக்கே திரும்ப வேண்டும், ஏனென்றால் பூமி சூரியனைச் சுற்றுவது ஒரு நாளைக்கு அவ்வளவுதான். மேற்கே திரும்பினால் ஜே2 குறியை எங்கேயோ மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். பாதை ஒரே சுற்றில் சிதறிப்போனால் மீட்டரும் கிலோமீட்டரும் கலந்திருக்கும், மியூவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1962-இல் ஜான் க்ளென் விண்ணுக்குப் போகும் முன், ஐபிஎம் கணினி கொடுத்த எண்களை நாசாவின் கணித வல்லுநர் கேத்ரின் ஜான்சன் கையால் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டார். அவ்வளவு தூரம் நாம் போக வேண்டாம், ஆற்றல் கோட்டை ஒருமுறை பார்த்தால் போதும்.

காற்றின் இழுவையைச் சேர்த்ததும் இந்தச் சௌகரியம் போய்விடும். ஆற்றல் உண்மையாகவே குறையும், குறைவது இழுவையாலா சால்வராலா என்று கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் இழுவையை அணைத்துவிட்டு முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். அதன்பின், பாதைகளைக் கணக்கிடும் நாசாவின் ஜிமேட் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, அதே தொடக்க எண்களைக் கொடுத்து இரண்டையும் ஒப்பிடலாம். வித்தியாசம் வந்தால் சால்வரைத் திட்டுவதற்கு முன், இரண்டிலும் ஒரே வளிமண்டல மாடல்தான் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.