பாஸ்டன் போகிறவர்கள் நார்வுட்டுக்கும் ஒரு நடை போய் வாருங்கள்

பாஸ்டனுக்கு வெளியே நார்வுட் என்கிற ஊரில், ஐஸில் சறுக்கிச் சுழன்று தாவும் ஃபிகர் ஸ்கேட்டிங் கிளப் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். ரயில் ஸ்டேஷனிலிருந்து நாலு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு 26 டாலர் வாங்கிவிட்டார் அந்த டாக்ஸிக்காரர். சனிக்கிழமை காலை. ரூட் 128 ஸ்டேஷன் வாசலில் வேறு வண்டி கிடையாது, பஸ் எதுவும் கண்ணில் படவில்லை, நடக்கலாம் என்றால் ரோட்டோரம் முழுக்க உருகிய பனியும் சேறும். அது தெரிந்துதான் கேட்டார். பாஸ்டன் நகரத்திலிருந்து அங்கே வந்து இறங்க நான் கொடுத்ததே 10 டாலர். அதுவும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கம்யூட்டர் ரயிலில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம் என்கிற பாஸ். ஓட்டல் வாடகை ஏற்கெனவே கையைக் கடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இது வேறு. வயிறு எரிந்தது. கூட யாராவது வந்தால் கூட்டிக்கொண்டு போங்கள், பங்கு போட்டுக்கொள்ளலாம்.

போன இடம் ஸ்கேட்டிங் கிளப் ஆஃப் பாஸ்டன். 1912-ல் தொடங்கிய கிளப். அமெரிக்க ஃபிகர் ஸ்கேட்டிங் சங்கத்தை 1921-ல் சேர்ந்து உருவாக்கிய ஏழு கிளப்களில் இதுவும் ஒன்று. 1938-லிருந்து சார்லஸ் நதிக்கரையில் ஒரே ஒரு ரிங்க்கை, அதாவது ஸ்கேட்டிங் செய்யும் ஐஸ் தளத்தை, வைத்துக்கொண்டு காலம் தள்ளியவர்கள், 2020-ல்தான் நார்வுட்டுக்கு மாறினார்கள். இப்போது மூன்று ரிங்க். வரவேற்பு மேசையில் கேட்டேன், உட்கார்ந்து பயிற்சியைப் பார்க்கச் சொன்னார்கள். காசு வாங்கவில்லை.

பத்து வயது இருக்கும், ஒரு பெண் ஆக்ஸல் என்கிற தாவலைப் பழகிக்கொண்டிருந்தாள். மற்ற தாவல்களுக்குப் பின்பக்கமாகச் சறுக்கி வந்து எழும்புவார்கள். ஆக்ஸலுக்கு மட்டும் முன்னால் பார்த்தபடி எழும்ப வேண்டும், அதனால் ஒன்றரைச் சுற்று. டிவியில் பார்க்கும்போது அந்த அரைச் சுற்றின் கஷ்டம் தெரியாது. எழும்புகிறாள், சுற்றுகிறாள், இடுப்பு தரையில் மோதுகிறது, அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது. உடனே எழுந்து, கையுறையில் ஒட்டிய பனித்தூளைத் தட்டிவிட்டு, மறுபடி வளைந்து வருகிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அப்பா மகனுடைய ஸ்கேட் பிளேடை ஈரம் போகத் துடைத்துக்கொண்டே, பூட்ஸ் ஒரு விலை, பிளேடு தனி விலை, ஐஸ் நேரத்துக்குத் தனிக் காசு, கோச்சுக்குத் தனி என்று அடுக்கினார். நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய பாரம்தான்.

பெரிய அரங்கத்துக்கு டென்லி ஆல்பிரைட் பெயர் வைத்திருக்கிறார்கள். இவர் கதையைத் தெரிந்துகொண்டுதான் நான் இந்த கிளப்பைத் தேடிப் போனேன். 11 வயதில் போலியோ. எழுந்து நடந்து, ஸ்கேட் செய்து, 1953-ல் உலக சாம்பியன். 1956-ல் இத்தாலியின் கோர்ட்டினாவில் நடந்த ஒலிம்பிக்ஸுக்குச் சில நாள் முன்னால் பயிற்சியில் விழுந்து, ஒரு காலின் பிளேடு இன்னொரு கணுக்காலை வெட்டிவிட்டது. அறுவை மருத்துவரான அப்பா வந்து காயத்தைக் கவனித்தார். அந்தக் காலோடு தங்கம். ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கான ஃபிகர் ஸ்கேட்டிங் தங்கத்தை வென்ற முதல் அமெரிக்கப் பெண். அப்புறம் ஹார்வர்டில் மருத்துவம் படித்து அவரும் அறுவை மருத்துவர் ஆனார்!

அவருக்கும் முன்னால் தெரேசா வெல்ட். 1914-ல் அமெரிக்காவின் முதல் பெண் சாம்பியன். 1920 ஒலிம்பிக்ஸில் சால்கோ என்கிற தாவலைச் செய்ததற்காகப் பாவாடை பறக்கிறது, பெண்ணுக்கு அழகில்லை என்று நடுவர்கள் கண்டித்தார்கள். அதையும் மீறி வெண்கலம் வாங்கி வந்தார். அந்த நடுவர்களை நினைத்தால் இன்றைக்கும் கோபம்தான் வருகிறது.

1961-ஐப் பற்றி எழுதாமல் விட முடியாது. பிப்ரவரி 15. பிராக் நகரில் உலகப் போட்டிக்குப் போன அமெரிக்க அணியின் விமானம் பிரஸ்ஸல்ஸ் அருகே விழுந்தது. விமானத்தில் இருந்த 72 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஸ்கேட்டர்கள் மட்டும் 18 பேர், அதில் பலர் பாஸ்டன்காரர்கள். ஒன்பது முறை தேசிய சாம்பியனான மாரிபெல் வின்சன் ஓவன்தான் ஆல்பிரைட்டுக்கும் பயிற்சி தந்தவர். அவரும் இரண்டு மகள்களும் அதில் போனார்கள். இளைய மகள் லாரன்ஸுக்கு 16 வயது. அந்த வாரம்தான் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையின் அட்டையில் அவள் படம் வந்திருந்தது. அந்த வருடம் உலகப் போட்டியே நடக்கவில்லை.

2025 ஜனவரி 29 அன்று மறுபடியும் ஒரு விமானம். வாஷிங்டன் அருகே ராணுவ ஹெலிகாப்டரோடு மோதி 67 பேர் இறந்தார்கள். அதில் இந்த கிளப்பின் ஆறு பேர்: இரண்டு இளம் ஸ்கேட்டர்கள், அவர்களுடைய அம்மாக்கள், 1994-ல் ஜோடிப் பிரிவில் உலக சாம்பியன்களான கோச்சுகள் எவ்ஜீனியா ஷிஷ்கோவா, வாதிம் நவுமோவ். மறுநாளே, இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற டிக் பட்டனும் 95 வயதில் காலமானார். அவரும் இந்த கிளப்காரர்தான். ஒரே கிளப்புக்கு இப்படியா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் இரண்டு மாதத்துக்குள் பாஸ்டனின் டிடி கார்டன் அரங்கத்தில் உலக சாம்பியன்ஷிப் திட்டமிட்டபடி நடந்தது. உள்ளூர் ஏற்பாடுகளைச் சுமந்தது இதே கிளப். எனக்கு இவர்கள் மேல் இருக்கும் மரியாதைக்கு இதுதான் முதல் காரணம், பதக்கங்கள் எல்லாம் அப்புறம்தான்.

சாப்பாடு பற்றிச் சொல்ல வேண்டும். நார்வுட்டில் ரிங்க்கைச் சுற்றி ஆபீஸ் கட்டடங்கள்தான், பசியோடு போகாதீர்கள். திரும்பி வந்து சவுத் ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்னக் கடையில் கிளாம் சவுடர் குடித்தேன். சிப்பிக்கறியும் உருளைக்கிழங்கும் பாலில் வெந்து கெட்டியாக, மிளகு தூவி, ஆவி பறக்க. குளிரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்த உடம்புக்கு அமிர்தம். எட்டு டாலர், வயிறு நிறைந்தது.

காலையிலேயே போய்விடுங்கள். ரிங்க்குக்குள்ளும் நல்ல குளிர், ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு உட்கார முடியாது. ஐஸ் சிப்ஸ் என்று நூறு வருடத்துக்கும் மேலாக ஒரு ஷோ நடத்துகிறார்கள், கிளப்பின் குட்டிப் பிள்ளைகளும் பெரிய சாம்பியன்களும் ஒரே மேடையில். அந்தத் தேதியைப் பார்த்துப் பயணத்தைப் போடுகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எனக்கு இந்தத் தடவை அமையவில்லை, விமான டிக்கெட் விலை இறங்கட்டும், அதற்காகவே இன்னொரு தடவை போவேன்.