கர்ப்பென் என்பது பிழையா?

மொரீசியசில் பிறந்த என் தலைமுறைத் தமிழருக்குப் பணத்தாளில் தமிழ் எழுத்து உண்டு, கோயிலில் தேவாரம் உண்டு, தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறையும் உண்டு. வீட்டுப் பேச்சு மட்டும் பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து கிளைத்த உள்ளூர் மொழியான கிரியோலில்தான். தொடக்கப் பள்ளியிலிருந்து தமிழை ஒரு பாடமாகப் படித்து வந்த நான், 2022இல் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இளங்கலைத் தமிழ் படிக்கச் சேர்ந்தபோது, திருக்குறளுக்குப் பொழிப்புரை எழுதத் தெரிந்திருந்ததே தவிர, பேருந்து போய்விட்டதா என்று தயங்காமல் கேட்கத் தெரியாது. அந்த மூன்றாண்டுகளை எப்படிக் கடந்தாய் என்று இப்போது சேரும் தம்பி தங்கையர் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் பருவத்தில், அவரவர் குடும்பப் பெயரைத் தமிழில் எழுதி வருமாறு ஆசிரியர் ஒரு பயிற்சி கொடுத்தார். என் வகுப்புத் தோழன் 'கர்ப்பென்' என்று எழுதினான். அப்படி ஒரு சொல் தமிழில் உண்டா என்று ஐயா கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் அவன் ஊர்க் கோயிலில் பூசை முடிந்து, வாழையிலையில் பரிமாறப்போகும் ஏழு கறிச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தபோது, மண்டபச் சுவரில் பதித்திருந்த பழைய நன்கொடையாளர் கல்லில் அவனுடைய முன்னோர் பெயர் கண்ணில் பட்டது. பல முறை சுண்ணாம்பு அடித்து எழுத்தின் பள்ளமே தூர்ந்திருந்ததால், விரலால் தடவித்தான் படிக்க முடிந்தது: கருப்பன். திரும்பும் வழியிலேயே ஒரு குறிப்பேடு வாங்கினோம்.

அன்று முதல் பெயர் பிடிப்பதே எங்கள் பொழுதுபோக்கு ஆயிற்று. கடைப் பலகை, கல்லறை, வானொலியில் வாசிக்கும் மரண அறிவிப்பு என எதையும் விடுவதில்லை. மார்தேமூத்தூ மருதைமுத்துவாகவும், திர்வெங்கடம் திருவேங்கடமாகவும் குறிப்பேட்டில் ஏறின. அப்பாது தமிழா தெலுங்கா என்ற சண்டை இரண்டு வாரம் நீடித்தது. அந்தச் சண்டையைப் பேருந்து நிறுத்தத்தில் கேட்டுக் கேட்டே, ரெதுய் என்னும் ஊரிலுள்ள மொரீசியஸ் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு படித்த, தமிழே தெரியாத ஒரு தோழியும் எங்களோடு சேர்ந்துகொண்டாள். ஒரே 'முத்து' ஒரு குடும்பத்தில் இரண்டு ஓ இட்டும், இன்னொரு குடும்பத்தில் ஓவும் யூவும் சேர்த்தும் எழுதப்படுவதற்கு, முன்னதை ஆங்கில வழக்கிலும் பின்னதைப் பிரெஞ்சு வழக்கிலும் எழுதியதே காரணம் என்று விளக்கியவள் அவள்தான். ஒலி குறைந்து நிற்க வேண்டிய அந்தக் கடைசி உகரத்தை இரண்டு குடும்பத்தாருமே நீட்டி ஒலிப்பதைக் கவனித்த பிறகுதான், நன்னூல் வகுப்பில் மனப்பாடம் செய்துவைத்திருந்த குற்றியலுகரம் எனக்கு உண்மையில் விளங்கியது. தேர்வுக்காக அதை மூன்று முறை எழுதியிருக்கிறேன் என்பது வேறு.

2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின் வெள்ளம் போர்ட் லூயிசுக்குள் புகுந்தபோது, தோழியின் காரோடு குறிப்பேடும் நனைந்து கூழாகிவிட்டது. அதில் முந்நூறு பெயர்கள் இருந்தன. எந்தப் பெயரை எந்த ஊரில் எடுத்தோம் என்பது நினைவில் இல்லாததால், ஒலி நினைவை வைத்து, ஒரே மாதிரி முடியும் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதத் தொடங்கினோம். கர்ப்பென், கூப்பென், ரங்கென், கோவிந்தென், கிஸ்த்னென், சூப்ராயென் என்று பக்கம் நிறைந்தது. கப்பலில் வந்த முன்னோரின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதிய எழுத்தர்கள் பலர், காலமும் வேறு வேறு. அத்தனை பேருமா ஒரே பிழையைச் செய்திருப்பார்கள்?

விடை எங்களைத் தேடி வந்தது என்றே சொல்ல வேண்டும். மதுரைப் பக்கத்திலிருந்து ஆய்வுக்காக வந்திருந்த அக்கா ஒருவர், ஒரு மாலை நிறுத்தத்தில் எங்கள் அருகே நின்று ஊருக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "முருகென் வந்துட்டானா?" என்றார். தமிழ் தெரியாத தோழிதான் முதலில் தலை நிமிர்ந்தாள். எங்கள் காதில் அது 'முருகன்' என்றே விழுந்திருந்தது, ஏனெனில் நாங்கள் தமிழைக் கண்ணால் கற்றவர்கள். பேச்சில் 'அவன்' என்பதன் ஈற்றில் அகரம் எகரத்தின் பக்கம் சாய்ந்து மூக்கொலியாக முடிவதை அந்த அக்காவே பலமுறை சொல்லிக் காட்டினார். எழுத்தர்கள் பெயரைக் கெடுக்கவில்லை, கேட்டபடி எழுதியிருக்கிறார்கள் என்பது அன்று எனக்கு உறுதியாயிற்று. அதன்பின் ஞாயிறுதோறும் அக்காவும் எங்களோடு வந்தார்; அவரோடு வாதாடி வாதாடித்தான் என் பேச்சுத் தமிழ் ஓடத் தொடங்கியது.

'சிதைந்த பெயர்களைத் திருத்துதல்' என்று நான் கொடுக்கவிருந்த ஆய்வேட்டுத் தலைப்பைக் கைவிட்டு, ஈற்றொலிகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பதிவேடுகளைக் காக்கும் ஆவணக் காப்பகம் எங்கள் நிறுவனத்திலேயே இருக்கிறது. வந்தவரின் பெயர், தந்தை பெயர், வயது, ஊர், கப்பல் ஆகியவை அவற்றில் பதிவாகியுள்ளன. தந்தையின் ஒற்றைப் பெயரே பல வீடுகளில் குடும்பப் பெயராக நிலைத்தது என்பதை நினைவில் வைத்துத் தேட வேண்டும். தேர்வாளர் ஒரே ஒரு கடினமான கேள்வி கேட்டார்: சென்னையில் கப்பலேறும்போதே பெயர் எழுதப்பட்டதென்றால், நீ கேட்பது இங்கிருந்த எழுத்தரின் காதா, அங்கிருந்தவரின் காதா? பிரெஞ்சு வழி எழுத்துகளைக் காட்டிப் பாதிக்குத்தான் பதில் சொன்னேன். மதிப்பெண்ணும் அதற்கேற்பவே வந்தது.

பட்டச் சான்றிதழில் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்று உறுதிசெய்யும் படிவம் வந்தபோது, தோழன் கர்ப்பென் என்றே நிரப்பினான். பிரெஞ்சு படித்த தோழி இப்போது ஆசிரியை. போன வாரம்கூட ஓடும் பேருந்திலிருந்து ஒரு கடைப் பலகையைப் படமெடுத்து, 'அலகாப்பென்?' என்று கேட்டு அனுப்பியிருந்தாள். அழகப்பன் என்று பதில் எழுதினேன். ழகரத்துக்கு இன்னும் எங்களிடம் தனிப் பக்கம் இல்லை.